பழைய வானொலிப் பேய் நாடகங்கள்: எதிலிருந்து தொடங்கலாம்?

ராக்கோழி:
ஆர்சன் வெல்ஸின் அமெரிக்க வானொலி நாடகம் 'வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்' கேட்டு முடித்தேன். அந்தக் காலத்தில் பழைய இலக்கியத்திலிருந்து எடுத்த பேய் நாடகங்கள் வேறு என்ன கேட்கலாம்? அலறலும் ரத்தமும் வேண்டாம், மனசுக்குள் ஏறி உட்காருகிற மாதிரி இருந்தால் போதும்.

மணியோசை:
அதே வெல்ஸின் 'டிராகுலா'வைக் கேளுங்கள். 1938 ஜூலை 11, அவருடைய மெர்க்குரி தியேட்டர் வானொலித் தொடரின் முதல் நாடகமே அதுதான். டிராகுலாவும் அவர், டாக்டர் சீவர்டும் அவர். நாவலே நாட்குறிப்பும் கடிதமுமாக இருப்பதால் வானொலிக்கு அப்படியே பொருந்திவிடுகிறது.

ஆனால் எனக்கு உயிர், 'சஸ்பென்ஸ்' என்ற அமெரிக்க வானொலித் தொடரில் 1953-இல் வந்த 'சிக்னல்மேன்'. ரயில் பாதையோரம் தனியே சிக்னல் காக்கும் ஒருவனைப் பற்றி ஆங்கில எழுத்தாளர் டிக்கன்ஸ் 1866-இல் எழுதிய கதை. அதற்கு முந்தைய வருடம்தான் அவர் ஸ்டேப்பிள்ஹர்ஸ்ட் ரயில் விபத்தில் உயிர் தப்பியிருந்தார். கதையில் சிக்னல்மேனிடம் வந்து பேசுகிறவர் ஆண். நாடகத்தில் பெண், ஆக்னஸ் மூர்ஹெட். வெல்ஸின் டிராகுலாவில் மினாவும் இவர்தான்.

மூலக்கதையில் ஓர் இடம் உண்டு. சிக்னல்மேன் பேசிக்கொண்டே இருப்பான், இரண்டு தடவை சட்டென்று நிறுத்திவிட்டு தன் அறையிலுள்ள மணியைத் திரும்பிப் பார்ப்பான். மணி அடித்திருக்கவே அடிக்காது. படிக்கும்போது நாம் வந்தவர் பக்கம் நின்று அவனைப் பார்க்கிறோம். வானொலியில் அப்படி நிற்க முடியாது. மணியை நம் காதில் விழவைத்தால் நாமும் சிக்னல்மேன் ஆகிவிடுவோம். விழவைக்காவிட்டால் அவன் ஏன் பேச்சை நிறுத்தினான் என்று இருட்டில் முழிப்போம். இப்படி ஒரு முடிவை எடுத்தே ஆக வேண்டிய கலை இது, அதனால்தான் எனக்கு இதன்மேல் இவ்வளவு ஆசை.

அப்புறம், இரைச்சலைச் சுத்தமாக நீக்கிய பதிவுகளைத் தேடாதீர்கள். கரகரப்போடு சேர்ந்து நடிகர் மூச்சு இழுப்பதும் போய்விடுகிறது. பேச்சு நிற்கும்போது அந்த மூச்சு வேண்டும்.

துண்டுச்சீட்டு:
ஆங்கிலப் பேய்க்கதை எழுத்தாளர் எம். ஆர். ஜேம்ஸையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'எஸ்கேப்' வானொலித் தொடரில் 1947-இல் அவருடைய 'காஸ்டிங் த ரூன்ஸ்' வந்தது. கையில் திணிக்கப்பட்ட, சாபம் எழுதிய ஒரு துண்டுக் காகிதம். அதைக் கொடுத்தவனே தன் கையால் திரும்ப வாங்கிக்கொண்டால்தான் உயிர் பிழைக்கலாம்.

ராக்கோழி:
சரி, இன்று ராத்திரி சிக்னல்மேன். கதையை முதலில் படித்துவிடட்டுமா?

மணியோசை:
வேண்டாம், முதலில் கேளுங்கள். கதை தொடங்குவதே ஒரு கூப்பாட்டில்தான்: மேலே நின்று ஒருவர், கீழே இருக்கிறவனைக் கூப்பிடுகிறார். அவன் மேலே பார்க்காமல் தண்டவாளம் போகும் பக்கம் திரும்புகிறான். அந்தக் குரலை ஒரு மனிதத் தொண்டையிலிருந்து கேட்ட பிறகு புத்தகத்தைத் திறங்கள்.