கார்ட்டூன் படம் போட்ட அன்று

எட்டாம் வகுப்பில் இனப்பெருக்கப் பாடம் வந்தாலே பிள்ளைகள் தலையைக் குனிந்துகொள்வார்கள். நானும் பல வருஷம் வேகவேகமாக வாசித்துத் தாண்டியிருக்கிறேன். போன வருஷம் துணிந்து, குழந்தை உருவாவதைக் காட்டும் ஒரு கார்ட்டூன் படத்தை வகுப்பில் போட்டுக் காட்டினேன். விந்தணுக்கள் முண்டியடித்து ஓடுவதைப் பார்த்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பிலேயே பாதிக் கூச்சம் போய்விட்டது.

படம் முடிந்ததும் ஒரு பையன், "மிஸ், முதல்ல வர்றதுதான் ஜெயிக்குமா?" என்றான். படம் அப்படித்தான் காட்டியது. உண்மை அது இல்லை. கோடிக்கணக்கில் கிளம்பினாலும் கருமுட்டைக்குப் பக்கத்தில் போய்ச் சேருவது சில நூறுதான். கருப்பைத் தசையின் அசைவும் அவற்றை மேலே தள்ளுகிறது. வந்த வேகத்தில் உள்ளே நுழையவும் முடியாது, பெண்ணின் உடலுக்குள் சில மணி நேரம் இருந்து பக்குவப்பட வேண்டும். ஒன்று நுழைந்ததும் தன் மேலுறையை மாற்றி மற்றவற்றைத் தடுப்பது கருமுட்டைதான். அது சும்மா காத்திருப்பதில்லை. அப்புறம், பென்சிலைச் சீவித் தாளில் ஒரு புள்ளி வைக்கச் சொன்னேன். கருமுட்டை அதைவிடச் சின்னது, சுமார் 0.1 மில்லிமீட்டர் என்றதும் வகுப்பு அமைதியாகிவிட்டது. பெண் பிள்ளைகள் சிலர் அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

*

நான் பிரசவ அறை நர்ஸ். மிஸ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். இந்தப் படங்களில் பிரசவம் பத்து நொடியில் முடிந்துவிடுகிறது: ஒரு அலறல், உடனே துடைத்து வைத்த மாதிரி ரோஜா நிறக் குழந்தை. தலைப்பிரசவத்தில் கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறப்பதற்கே பல மணி நேரம் ஆகும். குழந்தை தாடையை நெஞ்சோடு ஒட்டி, உடம்பைத் திருப்பித் திருப்பி வெளியே வரும். அப்போது மண்டையோட்டு எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். பிறந்ததும் உடம்பு நீலம் பாய்ந்து, வெள்ளை மாவு பூசின மாதிரி இருக்கும். நஞ்சுக்கொடி அதற்குப் பிறகுதான் விழும்.

ஒரு சின்ன வயசு அம்மா குழந்தையை வாங்கியதும் அழுதுவிட்டாள். "தலை ஏன் நீளமா இருக்கு சிஸ்டர், அடிபட்டுடுச்சா?" என்றாள். சில நாளில் தானாக உருண்டு வந்துவிடும் என்று சொல்லித் தேற்றினேன். இதை ஒரு படமாவது அவளுக்கு முன்பே காட்டியிருக்க வேண்டும். அந்தப் பயம் தேவையே இல்லாதது.

*

என் மகளுக்கு ஆறு வயசு. அப்பாவான நான் பக்கத்தில் உட்கார்ந்து, இந்த மாதிரி ஒரு படத்தை இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். தொப்புள்கொடி வந்த இடத்தில், "உள்ளே நான் எப்படிப்பா மூச்சு விட்டேன்?" என்றாள். நுரையீரலில் அப்போது திரவம்தான் இருந்தது, ஆக்சிஜன் அம்மாவிடமிருந்து கொடி வழியாக வந்தது என்றேன். சட்டையைத் தூக்கித் தொப்புளைப் பார்த்தாள். சமையலறைக்கு ஓடி அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.