அம்மா தனியாகத் துபாய் போகிறார்: பெட்டியில் எதை வைக்கலாம், எதை விடலாம்?

கேள்வி: தஞ்சை மகள்

துபாயில் இருக்கும் என் தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். அம்மா திருச்சியிலிருந்து தனியாக விமானம் ஏறுகிறார். வயது 66, வெளிநாடு போவது இதுதான் முதல் முறை. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறார்; பாத எரிச்சலுக்கும் மூட்டு வலிக்கும் தனி மாத்திரைகள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தயார். ஆனால் கூடத்தில் பெட்டியைத் திறந்து வைத்த நாள் முதல் எனக்குத் தூக்கம் இல்லை. பிரசவ லேகியம், சுக்கு, குருமாப் பொடி, கால் கிலோ கசகசா என்று அம்மா அடுக்கிக்கொண்டே போகிறார். அங்கே வேலை பார்க்கும் தன் மகனுக்கு என்று எதிர்வீட்டு அக்கா ஒரு பொட்டலம் வேறு கொடுத்திருக்கிறார். அங்கே வாழ்ந்து பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில்: ஷார்ஜா மருந்தாளுநர்

முதல் வேலையாகக் கசகசாவை வெளியே எடுங்கள் சகோதரி. நமக்கு அது தேங்காயோடு அரைக்கும் சாமான். அமீரகத்திலோ அது தடை செய்யப்பட்ட பொருள், ஏனென்றால் அது அபினிச் செடியின் விதை. குருமாப் பொடியிலும் கசகசா அரைபட்டிருக்கும், அதையும் விட்டுவிடுங்கள். லேகியம் வீட்டில் கிளறியதா, கடையில் வாங்கியதா? நாட்டு லேகியங்கள் சிலவற்றில் கஞ்சா இலை சேர்வதுண்டு. என்ன சேர்ந்திருக்கிறது என்று அச்சிட்ட சீட்டு இல்லாத எதையும் நான் கொண்டுபோக விடமாட்டேன்.

அடுத்தது மாத்திரைகள். அட்டையைத் திருப்பி மருந்தின் பெயரைப் படியுங்கள். வலி மாத்திரையில் டிரமடால், இருமல் மருந்தில் கோடீன், பாத எரிச்சல் மாத்திரையில் ப்ரீகாபலின் என்று இருந்தால், இங்கே அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மருத்துவர் சீட்டு மட்டும் போதாது. அமீரக அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். இன்சுலின் கைப்பையில்தான் போக வேண்டும்; சரக்குப் பகுதிக் குளிரில் உறைந்தால் வீணாகிவிடும்.

பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மைத்துனர் முதன்முதலாக இங்கே வந்தபோது, நண்பர் கொடுத்த அல்வாப் பெட்டியைப் பிரிக்காமல் கொண்டுவந்தார். அல்வாவுக்கு அடியில் இரண்டு அட்டை வலி மாத்திரை. இரவு முழுவதும் விமான நிலையத்துக்கு வெளியே நான் நின்றேன். விசாரணை முடிந்து விடியற்காலையில்தான் விட்டார்கள். அவர் முகம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அந்த அக்காவின் மனம் நோகும் என்று பார்க்காதீர்கள். அவர் முன்னிலையிலேயே பிரித்துப் பாருங்கள், அல்லது திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பதில்: துபாய் தேரா வாசி

அண்ணன் சொன்னதெல்லாம் உண்மை. நான் சேர்ப்பது இவ்வளவுதான். இங்கே வாட்ஸ்அப்பில் செய்தி போகும், குரல் பதிவும் போகும். அழைப்பு மட்டும் கிடைக்காது. இறங்கியதும் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நம்பி வருபவர்கள் தவித்துப்போகிறார்கள். தங்கையின் எண்ணையும் வீட்டு முகவரியையும் தாளில் எழுதிப் பாஸ்போர்ட்டுக்குள் வைத்து அனுப்புங்கள். போலீசுக்கு 999, ஆம்புலன்சுக்கு 998. வண்டிகள் வலப்பக்கமாக ஓடும் ஊர் இது. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். முன்பின் தெரியாதவர்களைப் படம் எடுக்க வேண்டாம். கேட்காமல் எடுப்பது இங்கே குற்றம்.

தஞ்சை மகள்

இருவருக்கும் நன்றி. கசகசா சமையலறைக்குத் திரும்பிவிட்டது. லேகியம் அம்மாவே கிளறியது. அங்கே போய்ப் புதிதாகக் கிளறித் தருவதாகச் சொல்லிவிட்டார். பொட்டலத்தை அக்காவே பிரித்துக் காட்டினார்: முறுக்கும் இரண்டு சட்டைகளும்தான். ஆனால் எரிச்சல் மாத்திரை அட்டையில் ப்ரீகாபலின் என்றுதான் இருக்கிறது. பயணத்துக்கு இன்னும் ஒன்பது நாள். அனுமதி வராவிட்டால் என்ன செய்வது?

ஷார்ஜா மருந்தாளுநர்

இன்றைக்கே விண்ணப்பியுங்கள், பாஸ்போர்ட் நகலும் மருத்துவர் சீட்டும் கையில் இருக்கட்டும். நாளைக் காலையில் மருத்துவரைப் பார்த்து, கட்டுப்பாடு இல்லாத மாற்று மருந்து உண்டா என்று கேளுங்கள். அம்மா தானாக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் உடம்பு படுத்தும். இரண்டும் கைகூடாவிட்டால் டிக்கெட்டைச் சில நாள் தள்ளிப் போடுங்கள். பிரசவத்துக்குத்தான் இன்னும் நாள் இருக்கிறதே.