முருகாற்றுப்படையில் வழி எங்கே?

கேள்வி: பரிசு பெற்றவர் பிறருக்கு வழி சொல்லும் பாட்டு ஆற்றுப்படை. அவ்வகையைச் சேர்ந்த மலைபடுகடாம் (கூத்தராற்றுப்படை) வழியின் வழுக்கல், பாம்பு, இரவில் தங்குமிடம் வரை சொல்கிறது. திருமுருகாற்றுப்படையின் 317 அடிகளில் அப்படி எதுவும் இல்லையே? பிறகு ஏன் ஆற்றுப்படை?

பதில் 1: முதலில் ‘ஆறு’ என்பதை எண்ணாகப் படிக்காதீர்கள், இங்கே அது வழி. அடுத்து 62 முதல் 66 வரையான அடிகளை நிறுத்திப் படியுங்கள். ‘சேவடி படரும் செம்மல் உள்ளமொடு’ என்கிறார் இதைப் பாடிய நக்கீரர். முருகன் திருவடியை நோக்கிப் படர்வது கால் அல்ல, உள்ளம். ‘செலவு நீ நயந்தனை ஆயின்’, ‘இன்னே பெறுதி’. செல்ல விரும்பினாலே, இப்பொழுதே பெறுவாய்! எவ்வளவு பெரிய வாக்கு!

பதில் 2: பெயரையும் பாருங்கள். பொருநர், பாணர், கூத்தர் என மற்றவை வழி கேட்பவர் பெயரால் அமைந்தவை. இது மட்டும் சென்று சேர வேண்டிய முருகனின் பெயரால் அமைந்தது. ஆனால் முருகன் உறையும் பரங்குன்றம் கூடலுக்கு (மதுரைக்கு) மேற்கே என்ற திசைக்குறிப்பு உண்டு. மண்வழி முழுதும் மறையவில்லை.