எண்டோஸ்டைல் தைராய்டாக மாறியது என்பதற்கு என்ன ஆதாரம்?

கேள்வி:
மீன் போன்ற உருவமுடைய, முதுகெலும்பில்லாத சிறு கடலுயிரியான ஆம்பியாக்ஸஸின் தொண்டைப் பகுதியைக் குறுக்குவெட்டில் பார்த்தபோது, அதன் அடித்தளத்தில் ஒரு பள்ளம் இருப்பதையும், பள்ளத்தின் சுவரில் சுரப்புச் செல்களும் குறுஇழைச் செல்களும் பட்டை பட்டையாக மாறி மாறி அமைந்திருப்பதையும் கண்டேன். நீரோடு வரும் நுண்ணிய உணவுத் துகள்களைக் கோழையில் சிக்கவைக்கும் இந்த எண்டோஸ்டைல்தான் நம் தைராய்டுக்கு முன்னோடி என்று பாடம் ஒரே வரியில் முடித்துவிடுகிறது. உணவுக்குழலுக்குள் கோழையை விடும் உறுப்பு, குருதியில் ஹார்மோனை விடும் நாளமில்லாச் சுரப்பியாக எப்படி மாற முடியும்?

பதில் 1:
தாடையில்லா மீனான லாம்ப்ரேயைப் பாருங்கள். சேற்றில் புதைந்து வடிகட்டி உண்ணும் அதன் இளவுயிரியான அம்மோசீட்டில் எண்டோஸ்டைல், சிறு நாளத்தின் வழியாகத் தொண்டைக்குள் திறக்கிறது. உருமாற்றத்தின்போது அதன் பெரும்பகுதி சிதைந்துபோக, எஞ்சும் செல்களிலிருந்து தைராய்டு நுண்பைகள் உருவாகின்றன. ஜெர்மானிய ஆய்வாளர் வில்ஹெல்ம் முல்லர் 1873-இலேயே இவ்விரு உறுப்புகளையும் தொடர்புபடுத்திவிட்டார்.

பதில் 2:
உறவு உண்மைதான். ஆனால் 'எண்டோஸ்டைல் தைராய்டாக மாறியது' என்ற வரி எனக்கு உடன்பாடில்லை. அதன் ஒரு பகுதி மட்டுமே அப்படி மாறியது என்பதே சரி. முதுகெலும்பிகளுக்கு நெருங்கிய உறவான, கடலில் ஒட்டி வாழும் அசிடியன்களில், தைராய்டு ஹார்மோனுக்குத் தேவையான அயோடினைப் பிணைப்பவை பள்ளத்தின் மேல்விளிம்பை ஒட்டிய பட்டைகளே. அயோடினைப் புரதத்தில் ஏற்றும் நொதியான தைராய்டு பெராக்சிடேஸின் மரபணு செயல்படுவதும் அங்கேதான். கோழையும் செரிமானப் புரதங்களும் சுரக்கும் பட்டைகள் வேறு. மேலும், நம் தைராய்டுக்கு அடிப்படையான தைரோகுளோபுலின் என்ற புரதத்தின் மரபணு அசிடியன்களில் இல்லை, லாம்ப்ரேயில் உண்டு.

கேள்வி கேட்டவர்:
நன்றி. அயோடின் ஏறிய புரதம் தொண்டைக்குள்தானே விழும்? அது குருதிக்கு எப்படிப் போய்ச் சேரும்?

பதில் 2:
கோழையோடு விழுங்கப்பட்டு, குடலில் செரிக்கும்போது தைராக்சின் என்ற தைராய்டு ஹார்மோன் விடுபட்டு உறிஞ்சப்பட்டிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். நம் தைராய்டையே சற்று உற்றுப் பார்த்தால் இது அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது. அதன் செல்கள் இன்றும் தைரோகுளோபுலினை முதலில் குருதியில் விடுவதில்லை. நுண்பையின் உட்குழிக்குள் சுரந்து, அங்கே அயோடினை ஏற்றி, பிறகு அதையே மீண்டும் உள்வாங்கிச் செரித்துத்தான் ஹார்மோனைப் பிரித்தெடுக்கின்றன. வாய் மூடிக்கொண்ட பள்ளம் என்றுதான் நான் அதைப் பார்க்கிறேன்.

பதில் 1:
கருவிலும் தடயம் உண்டு. மனிதத் தைராய்டு தொண்டையின் அடித்தளத்தில், நாவின் வேர்ப்பகுதியில் தோன்றிக் கழுத்துக்கு இறங்குகிறது. அது இறங்கிய நாளம் முழுவதும் மறையாவிட்டால் கழுத்தின் நடுவில் நீர்க்கட்டி உண்டாகலாம். நாக்கை நீட்டினால் அக்கட்டியும் மேலே ஏறும்.