புதுப்பிப்பு: விண்டோஸ் 7-இல் காணாமல் போன கண்ணாடி ஓரம் திரும்பிவிட்டது

மன்னார்குடியில் எங்கள் நெல் மண்டியின் பழைய கணினியை ஃபார்மட் செய்தபின், விண்டோ ஓரங்களின் கண்ணாடித் தோற்றம், அதாவது ஏரோ, வரவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில், திரைக்கு வெறும் 'ஸ்டாண்டர்ட் விஜிஏ' என்ற பொதுவான டிரைவர்தான் (பாகத்தை இயக்கும் மென்பொருள்) இருந்தது. சரியான கிராஃபிக்ஸ் டிரைவர் போட்டதும் எழுத்து தெளிந்தது, கண்ணாடி வரவில்லை. திரையின் வண்ண அமைப்பு 32 பிட்தான், அதிலும் குறையில்லை. விண்டோஸ் பதிப்பு ஹோம் பிரீமியம், அதிலும் குறையில்லை. ஸ்டார்ட்டரோ ஹோம் பேசிக்கோ என்றால் இந்தக் கண்ணாடியே கிடையாது, முதலில் அதைப் பாருங்கள்.

கடைசியில் பலித்தது, கணினியின் திறனுக்கு விண்டோஸையே மதிப்பெண் போட வைக்கச் சொன்னவரின் யோசனை. கண்ட்ரோல் பேனலில் 'பெர்ஃபார்மன்ஸ் இன்ஃபர்மேஷன் அண்ட் டூல்ஸ்' போய் மதிப்பீட்டை ஓடவிட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. இரண்டாம் தடவை முடிந்தது. அப்புறம் ஏரோ தீமைத் தேர்ந்தெடுத்ததும் கண்ணாடி வந்துவிட்டது.

எதிர்பாராத ஒன்று: மண்டியின் பழைய கணக்கு மென்பொருளைத் திறந்தால் திரை கண்ணாடி இல்லாத 'பேசிக்' தோற்றத்துக்கு மாறுகிறது, மூடினால் திரும்புகிறது. அந்த மென்பொருள் ஏரோவுக்கு ஒத்துவராததுதான் காரணம். அப்பா நாள் முழுக்க அதைத்தான் திறந்து வைத்திருக்கிறார். கண்ணாடியை அவர் இன்னும் பார்க்கவே இல்லை.