எம்எக்ஸ்-5 ஆடியோ: கூரையைத் திறந்தா பாட்டு காணாமப் போகுது, எதுல தொடங்கணும்?

கூரையில்லா_பயணி

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 2002 மாஸ்டா எம்எக்ஸ்-5, இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், வலதுபக்க ஸ்டீயரிங். ஓடுறது யூகேல, அதனால மழை, ஈரம் ரெண்டும் உண்டு. போஸ் ஆடியோ இல்லாத சாதா மாடல். டபுள் டின் இடத்துல புது ஹெட் யூனிட் (டேஷ்ல இருக்கற பாட்டுப் பெட்டி) இருக்கு: ஆம்ப்புக்குச் சிக்னல் அனுப்பற ஆர்சிஏ மூணு ஜோடி, 4 வோல்ட் அவுட், ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் தாமதம் வைக்கற டைம் அலைன்மென்ட் வசதியும் உண்டு. கதவுல கம்பெனி ஸ்பீக்கர்தான்.

கூரை மூடியிருந்தா கேட்கலாம். திறந்துட்டு 100 கிமீ தாண்டினா பேஸ் சுத்தமா போயிடுது, குரல் மட்டும் காதைக் கிழிக்குது. வால்யூமை ஏத்தினா கதவு கடகடன்னு அதிருது.

யோசிச்சு வச்சிருக்கறது: 6.5 இன்ச் கம்பொனன்ட் செட் (ட்வீட்டர் தனியா வர்ற ஸ்பீக்கர் செட்), நாலு சேனல் ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்), டிக்கியில 10 இன்ச் சப் (பேஸுக்கான சப்வூஃபர்). இந்த வண்டிக்கு இது சரியா? முதல்ல எதை வாங்கறது? மொத்தமா 10 கிலோவுக்கு மேல எடை கூடக் கூடாது, வளைவுப் பாதையில ஓட்டத்தான் இந்த வண்டியை வச்சிருக்கேன். ஒயரிங் நானே பண்றதா இருக்கேன்.

கதவும்_காற்றும்

தம்பி, ஸ்பீக்கரை ரெண்டாவதா வாங்குங்க. முதல்ல கதவைச் சரி பண்ணணும். கம்பெனி ஸ்பீக்கர் மட்டமானதுதான், ஆனா பேஸ் காணாமப் போறதுக்குப் பாதிக் காரணம் அது இல்ல. கோன் முன்னால தள்ளும்போது பின்னால இழுக்குது, ரெண்டு அலையும் எதிரெதிர். உள்பக்கத் தகட்டுல இருக்கற பெரிய ஓட்டைகள் வழியா பின்பக்க அலை சுத்தி வந்து முன்பக்க அலையை அடிச்சிடும். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ போகப் போக இது மோசமாகும். இந்தக் கதவுல எவ்வளவு விலை ஸ்பீக்கரை மாட்டினாலும் அதே கதிதான்.

கதவு பேனலைக் கழட்ட: கைப்பிடி ஸ்க்ரூக்கள், உள் லாட்ச் சட்டத்து ஸ்க்ரூ, பிறகு சுத்தி இருக்கற பிளாஸ்டிக் கிளிப். கிளிப்பை பிளாஸ்டிக் நெம்பியால மட்டும் எடுங்க, கிளிப் இருக்கற இடத்துக்குப் பக்கத்துலயே கொடுத்து நெம்பணும். தள்ளி நெம்பினா பேனல் அட்டை பிய்ஞ்சு கிளிப் அங்கேயே நின்னுடும், பழைய வண்டியில அட்டை ஏற்கெனவே ஈரத்துல ஊறியிருக்கும். கிளிப் எல்லாம் விட்டதும் பேனலை மேல தூக்கி எடுக்கணும், வெளியே இழுக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு கிளிப் உபரியா வாங்கி வச்சுக்கங்க.

உள்ளே ஒரு பிளாஸ்டிக் தாள் கருப்புப் பிசின்ல ஒட்டியிருக்கும். அதைக் கிழிச்சு எறிஞ்சிடாதீங்க. கண்ணாடி ஓரமா இறங்கற மழைத்தண்ணி கதவுக்குள்ள வந்து அடியில இருக்கற வடிகால் துளை வழியாப் போகணும், அந்தத் தாள்தான் அதை கேபினுக்குள்ள விடாமத் தடுக்குது. ஓட்டைகளை ஒழுங்கா மூடினா அந்த வேலையை நீங்க போடற தகடு பார்த்துக்கும். அரைகுறையா மூடி, தாளையும் எடுத்துட்டா ரெண்டு மழையில கார்ப்பெட் நாறிடும்.

வெளித்தகட்டின் உள்பக்கத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் போட்டுத் துடைச்சு, 2 மிமீ அலுமினியத் தாள் ஒட்டின பியூட்டைல் ஷீட் ஒட்டுங்க. பரப்புல கால் பங்கு, அதிகமாப் போனா மூணுல ஒரு பங்கு போதும். அதிர்வு அடங்கறது நடுப்பகுதியில ஒட்டறதால, முழுக்க ஒட்டினா எடைதான் ஏறும். ஒரு சதுர மீட்டர் சுமார் 3 கிலோ, உங்களுக்கு ரெண்டு கதவுக்கும் சேர்த்து அரை சதுர மீட்டர் போதும். தகடு குளிர்ந்து கிடந்தா ஒட்டாது, ஹீட் கன்னால லேசாச் சூடாக்கி, தாள்ல இருக்கற வரிவடிவம் தட்டையாகும் வரை ரோலரை அழுத்தி ஓட்டுங்க. கூரைக்கு ஒட்டற தார் ஷீட் மலிவுன்னு வாங்கிடாதீங்க, வெயில்ல உருகி வழியும், நாத்தமும் போகாது. கதவடி வடிகால் துளைகளை எந்தக் காரணத்துக்காகவும் மூடிடாதீங்க, மூடினா உள்ளேயிருந்து துரு பிடிக்கும்.

உள்தகட்டு ஓட்டைகள் மேல வெறும் பியூட்டைலை இழுத்து ஒட்டினா அது தோல் மாதிரி உப்பி அடங்கும். 1.5 மிமீ அலுமினியத் தகடோ ஏபிஎஸ் ஷீட்டோ வெட்டி, ஓரத்துல பியூட்டைல் கயிறு வச்சு, சின்ன ஸ்க்ரூ போட்டு இறுக்குங்க. ஸ்க்ரூ போடறதுக்கு முன்னாடி கண்ணாடியை முழுக்க ஏத்தி இறக்கி, அது போற தடத்துல முனை படலைன்னு பாருங்க. பின்னால கண்ணாடி மோட்டாரை எடுக்க வேண்டி வரும், அதனால பசை போட்டு நிரந்தரமா ஒட்டக் கூடாது.

கடகட சத்தத்துக்கு லாட்ச் கம்பியும் தொங்கற ஒயர் கட்டும்தான் பெரும்பாலும் காரணம். துணி டேப் சுத்துங்க. பிறகு 40-லிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவா ஏறற டோன் ஒண்ணை ஓடவிட்டு, எந்த இடத்துல அதிருதோ அங்க கையால அழுத்திப் பார்த்தா ஆள் பிடிபட்டுடும்.

ஸ்பீக்கரைக் கதவுலேர்ந்து தூக்கி மாட்டற ரிங்குக்கு எம்டிஎஃப் (மரத்தூள் பலகை) வேணாம், ஈரத்துல ஊதிடும். எச்டிபிஇ பிளாஸ்டிக் அல்லது கெட்டி பிவிசி ஷீட். ஸ்பீக்கர் முகத்தைச் சுத்தி ஒரு ஃபோம் வளையம் வச்சு அது பேனலைத் தொடணும். இல்லேன்னா சத்தத்துல ஒரு பங்கு பேனலுக்குப் பின்னாலயே சுத்திக்கிட்டிருக்கும்.

ஆம்பியர்

கதவு பத்தி மேல சொன்னது அத்தனையும் சரி. நான் மின்சாரப் பக்கம் மட்டும் சொல்றேன்.

இந்த வண்டியில பேட்டரி டிக்கியில இருக்கு, ஆம்ப்பும் அங்கதான் வரப் போகுது. பவர் கேபிள் கேபினுக்குள்ளேயே வராது, ஒரு மீட்டருக்குள்ள முடிஞ்சிடும். மத்த வண்டிகள்ல ஃபயர்வால் வழியா அஞ்சு மீட்டர் இழுக்கற வேலையும், ஆர்சிஏ பக்கத்துல பவர் ஓடி இரைச்சல் வர்ற தொல்லையும் உங்களுக்குக் கிடையாது.

கணக்கு: 4x75 வாட் கிளாஸ் டி ஆம்ப்ல முன்னாடி ரெண்டு சேனல் 150 வாட், பின்னாடி ரெண்டையும் பிரிட்ஜ் பண்ணி (ஒரே சேனலாச் சேர்த்து) சப்புக்கு 200 வாட்னு வச்சா மொத்தம் 350. 80 சதவீதத் திறன்னா இழுக்கறது 440 வாட் கிட்ட, 13.8 வோல்ட்ல 32 ஆம்பியர். பாட்டுல சராசரி இதுல மூணுல ஒரு பங்குகூட வராது, ஆல்டர்னேட்டரைத் தொட வேணாம். 10 சதுர மிமீ தாமிர கேபிள், 40 ஆம்பியர் ஃப்யூஸ். ஃப்யூஸ் பேட்டரி பாசிட்டிவ்லேர்ந்து 30 செமீக்குள்ள இருக்கணும். அது கேபிளைக் காப்பாத்தத்தான், ஆம்ப்பை இல்ல. ஆம்ப் பக்கத்துல மட்டும் ஃப்யூஸ் வச்சா நடுவுல உரசி ஷார்ட் ஆகற கேபிள் அப்படியே எரியும்.

மலிவு ஒயரிங் கிட்ல வர்றது பெரும்பாலும் தாமிரம் பூசின அலுமினியம். ஒரு இழையை பிளேடால சுரண்டுங்க, உள்ளே வெள்ளையாத் தெரிஞ்சா அதுதான். ஒரே தடிமனுக்கு மின்தடை ஒண்ணரை மடங்குக்கு மேல, டெர்மினல்ல ஈரம் பட்டா அரிக்கவும் செய்யும்.

எர்த் 50 செமீக்குள்ள. பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியணும், நட்சத்திர வாஷர் போட்டு போல்ட், இறுக்கின பிறகு மேல துருத்தடுப்பு பூசுங்க. பாட்டைச் சத்தமா வச்சு பேட்டரி நெகட்டிவுக்கும் ஆம்ப் எர்த் டெர்மினலுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க. 0.1 வோல்ட்டுக்குள்ள இருந்தா எர்த் நல்லா இருக்கு.

ரெண்டு எச்சரிக்கை. ஒண்ணு, டிக்கி பேட்டரியில வாயு வெளியேற சின்னக் குழாய்கள் உண்டு, அவை வண்டிக்கு வெளியே போகணும். வேலை முடிச்சதும் அவை மாட்டியிருக்கான்னு பாருங்க. குழாய் வசதியில்லாத சாதா பேட்டரியை அங்க வைக்கவே கூடாது. ரெண்டு, சீட்டுக்குப் பின்னால இருக்கற தட்டுல எதையும் ஸ்க்ரூ போட்டு மாட்டாதீங்க. அதுக்கு அடியில பெட்ரோல் டேங்க்.

ஆம்ப்பை டிக்கித் தரையில படுக்க வைக்காம ஒரு பலகையில மாட்டித் தூக்கி நிறுத்துங்க. சீட்டுக்குப் பின்னால வைக்கலாம்னு சிலர் சொல்வாங்க. கூரைத் தண்ணி வடியற துளை இலை அடைச்சா முதல்ல நனையறது அந்த இடம்தான்.

கதவுக்குப் புது ஒயர் இழுக்கறேன்னு, கதவுக்கும் வண்டி உடம்புக்கும் நடுவுல ஒயர் போற ரப்பர் குழாயோட மல்லுக்கட்ட வேணாம். கம்பெனி ஒயர் 0.5 சதுர மிமீன்னே வச்சாலும், போக வர 6 மீட்டருக்கு 0.2 ஓம். 4 ஓம் ஸ்பீக்கர்ல இழப்பு அரை டெசிபலுக்கும் கீழ, காதுக்குத் தெரியாது. மஞ்சள் கனெக்டர் எதையும் தொடாதீங்க, அது ஏர்பேக்.

டெசிபல்_அக்கா

டிக்கியில சப் வேணாம். இந்த வண்டியில டிக்கிக்கும் கேபினுக்கும் நடுவுல இரும்புத் தகடும் டேங்கும் இருக்கு. பின்னால வர்றவங்களுக்குத்தான் கேட்கும். மூடின கார்ல கேபினே தாழ்ந்த அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கும், கூரையைத் திறந்தா அந்த உதவியும் இல்ல. 40 ஹெர்ட்ஸைத் துரத்தாதீங்க. உங்களுக்குத் தேவை 80-லிருந்து 250 வரை. காத்து இரைச்சல் அடர்த்தியா இருக்கறது அந்தத் தாழ்வான பக்கம்தான், அதான் பேஸ் மூழ்கிக் குரல் மட்டும் மேல நிக்குது.

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டையில பெருசாப் போட்டிருக்கற வாட்டைப் பார்க்காதீங்க, சென்சிடிவிட்டியைப் பாருங்க, அதாவது கொடுக்கற பவருக்கு எவ்வளவு சத்தம் வருதுன்னு. 3 டெசிபலுக்கு ஒரு தடவை பவர் ரெட்டிப்பாகணும். 92 டெசிபல் ஸ்பீக்கர் 60 வாட்ல கொடுக்கற சத்தத்தை 86 டெசிபல் ஸ்பீக்கர்கிட்ட வாங்க 240 வாட் வேணும். ரெண்டு அளவும் ஒரு வாட், ஒரு மீட்டர்னு போட்டிருக்கான்னு கவனிங்க. 2.83 வோல்ட்ல அளந்த 4 ஓம் ஸ்பீக்கர் 3 டெசிபல் கூடுதலாக் காட்டும்.

கம்பொனன்ட் எடுக்கறது சரிதான். கதவு ஸ்பீக்கர் காலுக்குப் பக்கத்துல இருக்கு, மேல் சுருதி முழங்கால்லயே நின்னுடும். ட்வீட்டரைக் கண்ணாடி முக்கோணத்துல வைங்க. ட்வீட்டருக்கும் பெரிய ஸ்பீக்கருக்கும் சிக்னலைப் பிரிச்சுக் கொடுக்கற கிராஸ்ஓவர் பெட்டியைக் கதவுக்குள்ள ஈரத்துல போடாம டேஷுக்கு அடியில வைங்க. அப்படி வச்சா ட்வீட்டருக்கு மட்டும் தனி ஒயர் ஒரு ஜோடி கதவுக்கு இழுக்க வேண்டியிருக்கும். அது மெல்லிசு, ரப்பர் குழாய்ல சிரமமில்லாம நுழையும்.

சப் வேணும்னா 8 இன்ச் ஷாலோ, 8-லிருந்து 10 லிட்டர் மூடின பெட்டி, பயணி காலடியில மேல் சரிவுல. பெட்டியோட 6, 7 கிலோ வரும். பிரிட்ஜ் பண்ற ஆம்ப்புக்கு ஒற்றைக் காயில் 4 ஓம் வாங்குங்க. டுவல் 4 ஓம் வாங்கிப் பேரலல் போட்டா 2 ஓம், ஒவ்வொரு சேனலும் 1 ஓமைப் பார்க்கும், ஆம்ப் தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சு ப்ரொடெக்ட்டுக்குப் போயிடும். ஆனா கதவு வேலை முடிஞ்சு ஒரு மாசம் கேட்டுட்டு அப்புறம் சப்பை முடிவு பண்ணுங்க.

ஆம்ப்ல இருக்கற கெய்ன் திருகி வால்யூம் பட்டன் கிடையாது. ஸ்பீக்கரைக் கழட்டிட்டு, ஃபில்டர் எல்லாத்தையும் அணைச்சுட்டு, ஹெட் யூனிட் வால்யூம் முக்கால்ல, 0 டெசிபல் சைன் டோன் ஓடவிடுங்க. மலிவு மல்டிமீட்டர் 400 ஹெர்ட்ஸுக்கு மேல தப்பாக் காட்டும், அதனால 100 ஹெர்ட்ஸ் டோன். 75 வாட்டை 4 ஓமால பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 17.3. ஆம்ப் அவுட்டுல 17.3 வோல்ட் ஏசி வந்ததும் நிறுத்திடுங்க. பிரிட்ஜ் சேனலுக்கு 200 வாட், 28.3 வோல்ட்.

அப்புறம் கதவுக்கு 80 ஹெர்ட்ஸ் ஹை பாஸ் (அதுக்குக் கீழ இருக்கறதைத் தடுக்கற ஃபில்டர்), ஆக்டேவுக்கு 24 டெசிபல். டைம் அலைன்மென்ட்டுக்கு உங்க காதிலிருந்து ஸ்பீக்கர் வரை டேப் பிடிச்சு அளங்க. வலது 80 செமீ, இடது 125 செமீன்னு வந்தா வித்தியாசம் 45. ஒலி ஒரு மில்லிசெகண்டுல 34 செமீ போகுது, அப்போ வலதை 1.3 மில்லிசெகண்ட் தாமதப்படுத்தணும். கூரை திறந்ததுக்குத் தனி ப்ரீசெட்: 120-லிருந்து 250 வரை 3 டெசிபல் ஏத்தி, 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் 2 டெசிபல் இறக்குங்க. காதைக் கிழிக்கறது அந்த இடம்தான்.

கூரையில்லா_பயணி

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. பேனலைக் கழட்டி அளந்தாச்சு. ரிங் இல்லாம, ஸ்பீக்கர் உக்கார்ற முகத்துலேர்ந்து இறக்கின கண்ணாடி வரை 55 மிமீ. எடுக்க நினைக்கிற ஸ்பீக்கரோட ஆழம் 63. எவ்வளவு ரிங் போடணும்? அப்புறம் இந்த மாடலுக்கு ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர் பத்திப் பேசறாங்களே, அது பிரயோஜனமா? ஆம்ப் போட்ட பிறகு ஆக்ஸிலரேட்டரோட சேர்ந்து ஏறற விசில் வந்தா எங்க தேடறது அண்ணா?

கதவும்_காற்றும்

63-ல 55 போனா 8. கண்ணாடி ஆடறதுக்கு 5 மிமீ இடம் விடணும், ஆக 13. 15 மிமீ ரிங் போடுங்க. ஆனா முன்பக்கமும் பாருங்க: கோன் ஓரம் வெளியே தள்ளும்போது பேனல் கிரில்லைத் தட்டாம 8 மிமீயாவது வேணும். அது கிடைக்கலைன்னா ரிங்கைத் தடிமனாக்காதீங்க, ஆழம் குறைஞ்ச ஸ்பீக்கருக்கு மாறுங்க. கண்ணாடியைப் பாதி இறக்கியும் ஒரு தடவை பாருங்க, சில இடத்துல கீழ்த் தாங்கிதான் காந்தத்துல இடிக்கும், கண்ணாடி இல்ல.

டெசிபல்_அக்கா

ஹெட்ரெஸ்ட் ஸ்பீக்கர் பேச்சுக்கும் குரலுக்கும் நல்லாவே உதவும், காதுக்குப் பக்கத்துல இருக்கறதால குறைஞ்ச பவர் போதும். 65 மிமீ சைஸுக்கு 300 ஹெர்ட்ஸுக்குக் கீழ எதையும் அனுப்பாதீங்க. கதவைவிட 6 டெசிபல் கம்மியா வைங்க, இல்லேன்னா பாடகர் முதுகுப் பக்கம் போயிடுவார். சீட் முன்னும் பின்னும் நகரும், ஒயர்ல அதுக்கான தளர்வு விடுங்க. ஹெட் யூனிட்டோட சொந்த ஸ்பீக்கர் அவுட்டே இதுக்குப் போதும், பின் ஸ்பீக்கருக்குத் தனியா ஹை பாஸும் தாமதமும் வைக்க முடியுதான்னு மெனுவுல பாருங்க.

ஆம்பியர்

விசிலுக்கு: ஆம்ப்லேர்ந்து ஆர்சிஏயைப் பிடுங்கிட்டு, நடு முனையையும் வெளி வளையத்தையும் சேர்த்து சால்டர் பண்ணின ஒரு ஆர்சிஏ பிளக்கை அந்த இடத்துல சொருகுங்க. விசில் நின்னா தப்பு ஹெட் யூனிட் பக்கம். நிக்கலைன்னா ஆம்ப்போட எர்த் இல்லேன்னா பவர்.

ஹெட் யூனிட் பக்கம்னா ஆர்சிஏ வெளி வளையத்துக்கும் யூனிட்டோட உலோக உடம்புக்கும் ஓம் அளங்க, பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். இல்லேன்னா உள்ளே அந்த எர்த் பாதையில இருக்கற நூல் ஃப்யூஸ் போயிருக்கு. ஆம்ப் ஓடும்போதே ஆர்சிஏயைச் சொருகிக் கழட்டினா அது போகும். அதனால மேல சொன்ன சோதனையிலகூட ஒவ்வொரு தடவையும் ஆம்ப்பை அணைச்சுட்டுத்தான் பிளக்கைத் தொடணும்.