ஸ்னூக்கர் ஃப்ரீ பாலில் பிங்க்கும் பிளாக்கும் சேர்ந்து விழுந்தால் எத்தனை புள்ளி?

கியூ_பிடித்தவன்:
நேற்று இரவு க்ளப்பில் தொடங்கிய சண்டை இன்னும் தீரவில்லை. மேசையில் பிங்க் (6 புள்ளி), பிளாக் (7 புள்ளி) இரண்டுதான் மிச்சம். நண்பன் 57, நான் 40. பிங்க்கைக் குறிவைத்தவன் முதலில் பிளாக்கில் இடித்துவிட்டான். ஃபவுல், எனக்கு 7. வெள்ளைப் பந்து பிளாக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டதால் ஃப்ரீ பால் (பிங்க்குக்குப் பதில் வேறு பந்தைச் சொல்லி அடிக்கும் உரிமை) என்று அவனே ஒத்துக்கொண்டான். "பிளாக்" என்று சொல்லி அடித்தேன். அது பிங்க்கில் மோதி, பிங்க் மூலையிலும் பிளாக் நடு பாக்கெட்டிலும் விழுந்தன. 6+7, ஆக 60-57, நான் ஜெயித்தேன் என்றேன். அவனோ 6தான், 57-53 என்கிறான். தோற்றவர்தான் டேபிள் காசு கொடுக்க வேண்டும், அதனால்தான் கேட்கிறேன்.

பழைய_ரெஃப்ரி:
இரண்டு பேரும் ஜெயிக்கவில்லை தம்பி.

ஃப்ரீ பாலாகச் சொன்ன பிளாக், அந்த ஒரு அடிக்கு பிங்க் வேஷம் கட்டியிருக்கிறது. தனியாக விழுந்திருந்தாலும் 6தான், 7 கிடையாது. அசல் பிங்க்கும் கூடவே விழுந்தால் அசலுக்கு மட்டும்தான் புள்ளி. எனவே 6, அதில் நண்பர் சொன்னது சரி. ஆனால் வேஷம் கட்டிய பிளாக் தன் இடத்துக்குத் திரும்பி வர வேண்டும், பிங்க் மட்டும் வெளியே. 53-57, மேசையில் பிளாக், அடுத்த அடியும் உங்களுடையது. போட்டிருந்தால் 60!

கியூ_பிடித்தவன்:
ஐயோ. பிளாக்கைத் திரும்ப வைக்கணும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

புதுசு_நான்:
ஒரு சந்தேகம் அண்ணா. ரெட் மிச்சம் இருக்கும்போது ஃப்ரீ பாலும் ஒரு ரெட்டும் சேர்ந்து விழுந்தாலும் ஒன்றுக்குத்தான் புள்ளியா?

பழைய_ரெஃப்ரி:
இல்லை, ரெட் மட்டும் விதிவிலக்கு. இரண்டுக்கும் தலா 1, மொத்தம் 2. கலர் பந்து மேலே வரும், ரெட் வராது.

மூலை_பாக்கெட்:
ஒரே பிரேக்கில், அதாவது விடாமல் தொடர்ந்து எடுக்கும் புள்ளியில், வழக்கமான உச்சம் 147. அதைத் தாண்ட முடிவதும் இந்த ஃப்ரீ பாலால்தான். 15 ரெட்டும் மேசையில் இருக்கும்போது எதிராளி ஃபவுல் செய்து ஃப்ரீ பால் கிடைத்தால், அது பதினாறாவது ரெட் மாதிரி. அதற்கு 1, பிறகு பிளாக்குக்கு 7, அப்புறம் வழக்கமான 147: கணக்குப்படி 155 வரை போகலாம். 2004-இல் யுகே சாம்பியன்ஷிப் தகுதிச் சுற்றில் ஜேமி பர்னெட் பிரவுனை ஃப்ரீ பாலாகப் போட்டுத் தொடங்கி 148 எடுத்தார். தொழில்முறைப் போட்டியில் 147-ஐத் தாண்டிய முதல் பிரேக் அதுதான்.

புதுசு_நான்:
சரி, இவர் 40-க்குப் பதில் 37-இல் இருந்திருந்தால்? பிளாக்கைப் போட்டதும் 57-57 சமம் ஆகிவிடுமே?

பழைய_ரெஃப்ரி:
அப்போது பிளாக்கை மறுபடி அதன் இடத்தில் வைப்பார்கள். யார் முதலில் அடிப்பது என்று முடிவு செய்யும் உரிமைக்கு நாணயம் சுண்டுவார்கள். வெள்ளைப் பந்தை 'டி'க்குள் (மேசையின் ஒரு முனையில் வரைந்த அரைவட்டம்) வைத்து ஆட்டம். பிளாக்கைப் போட்டவர் ஜெயிப்பார், ஃபவுல் செய்தவர் தோற்பார். அடுத்த புள்ளியோடு கதை முடிந்தது. வெள்ளையும் கூடவே பாக்கெட்டில் விழுந்து தோற்றவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கியூ_பிடித்தவன்:
இழையை நண்பனுக்குக் காட்டினேன். விட்ட இடத்திலிருந்து ஆடலாம் என்றால், வெள்ளை எங்கே நின்றது என்று இருவருக்குமே ஞாபகமில்லை. டேபிள் காசு பாதிப் பாதி, டீ மட்டும் என் கணக்கு.

மூலை_பாக்கெட்:
ஃபவுல் செய்தவன் அவன். டீயும் அவன் கணக்கில்தான் வர வேண்டும்.